எந்த அளவு டேப்? முதலில், யாருக்கு?

கேள்வி: லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். என்னிடம் 15.6 இன்ச் லேப்டாப் இருக்கிறது. ஆபீஸ் கணக்கெல்லாம் அதில் இருப்பதால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் மகன் ஹாஸ்டலில் 14 இன்ச் லேப்டாப் வைத்திருக்கிறான். என் போன் 6.7 இன்ச். 2020-ல் மகனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய 8 இன்ச் டேப் பீரோவில் கிடக்கிறது. கடையில் இப்போது 8.7, 11, 13 இன்ச் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். போனே இவ்வளவு பெரிதாகிவிட்டது, லேப்டாப்பும் இருக்கிறது, டேப் என்று தனியாக ஒன்று வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த அளவு? படம், கிரிக்கெட் பார்க்க உதவும் என்று நினைக்கிறேன். மகனைவிட இரண்டு வயது சின்னவளான மகள் இப்போது பிளஸ் 2. டியூஷனில் அனுப்பும் பி.டி.எஃப்.களை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவள் அம்மா போனில் பார்த்துக்கொள்கிறாள். அதனால் அவளுக்குப் பிரச்சினை இல்லை.
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் ஐந்து கருவிகள் வருகின்றன. நான்குக்கு இன்ச் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவதான உங்கள் மனைவியின் போனுக்கு மட்டும் எழுதவில்லை. வீட்டில் பொதுத்தேர்வு எழுதப்போகிற ஒரே பிள்ளை படிப்பது அந்தத் திரையில்தான்.

‘டேப் வேண்டுமா’ என்று கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு ‘வேண்டாம், பணத்தை மிச்சம் பிடியுங்கள்’ என்றுதான் பதில் எழுதுவது வழக்கம். உங்களுக்கும் கிரிக்கெட்டுக்காக என்றால் அதே பதில்தான். 15.6 இன்ச் லேப்டாப்பின் திரை 34 சென்டிமீட்டர் அகலம். கடையில் இருக்கும் எந்த டேப்பும் அதற்கு ஈடாகாது. உங்கள் கடிதத்தைக் கீழே வைக்க முடியாமல் செய்தது கடைசி வரி. ‘அதனால் அவளுக்குப் பிரச்சினை இல்லை.’ அவளைக் கேட்டு எழுதினீர்களா, நீங்களே முடிவு செய்து எழுதினீர்களா?

அவள் எதைப் பார்க்கிறாள் என்று அளந்து பார்ப்போம். பி.டி.எஃப். பக்கத்தில் எழுத்து மடங்கி அடுத்த வரிக்கு வராது. திரை சின்னதானால் பக்கம் மொத்தமாகச் சுருங்கும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். உங்கள் மனைவியின் போன் பெரும்பாலும் 6.5 இன்ச்சை ஒட்டித்தான் இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரை 7 சென்டிமீட்டர்கூட அகலம் வராது. ஆக, 12 பாயின்ட்டில் அடித்த எழுத்து 4 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. வேதியியலில் நைட்ரேட்டின் காலடியில் இருக்கும் 3 அதிலும் பாதியளவுதான். அதை நைட்ரைட்டின் 2 என்று படித்துவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் போயிற்று. போனைப் படுக்கவைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு தடவைக்குத் தெரியும். படம் மேலே, கேள்வி கீழே என்று இருக்கும் பக்கத்தில் மேலும் கீழும் தள்ளித் தள்ளியே நேரம் போகும். ஜன்னல் கம்பி வழியாகத் தேர் பார்ப்பதுபோல ஒரு படிப்பு. எழுத்து தெரியவில்லை என்று போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோவாள். பிள்ளைகள் இப்படி நெடுநேரம் கிட்டத்தில் வைத்துப் படிப்பது கிட்டப்பார்வை கூடுவதோடு தொடர்புடையது. அதுவும் பகலெல்லாம் பள்ளி, மாலை டியூஷன் முடித்துக் களைத்த கண், ஒன்பது மணிக்கு மேல்.

2020-ல் உங்கள் மகன் ஒன்பதாவது, மகள் ஏழாவது. இருவருக்குமே அப்போது வகுப்பு ஆன்லைனில்தான் நடந்திருக்கும். டேப் வாங்கியது மகனுக்காக என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வருஷம் மகள் எதில் பாடம் கேட்டாள் என்று கடிதத்தில் இல்லை. பையன் கல்லூரி போனதும் அவனுக்கு லேப்டாப் வந்தது. அவளுக்குப் பிளஸ் 2 வந்தும் அம்மா போன்தான். நீங்கள் கெட்ட தகப்பன் என்று சொல்ல வரவில்லை. ஆனால், கேட்காத பிள்ளைக்குத் தேவை இல்லை என்று எடுத்துக்கொள்வது தவறு. பெண்பிள்ளைகள் பலர் கேட்கமாட்டார்கள். வீட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்த்துப் பார்த்தே பழகியவர்கள். கேட்கும் முன்னே செய்ய வேண்டியது பெற்றவரின் கடமை. இதில் இரண்டு பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மனைவியையும் விட்டுவிட்டீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, அக்காவோடோ அம்மாவோடோ நான்கு வார்த்தை பேச அவருக்குக் கிடைக்கிற நேரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். அந்த நேரத்துக்கு அவர் போனே அவர் கையில் இல்லை.

முதல் வேலைக்குக் காசு வேண்டாம், இன்றைக்கே முடியும். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் போய், மகளுக்கு ஸ்டாண்டர்ட் யூசராகத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். உங்கள் கணக்குக்கு பாஸ்வேர்ட் இருக்கட்டும். ஆபீஸ் கோப்புகளை உங்கள் கணக்கின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் அவள் கணக்கிலிருந்து அவை திறக்காது. ஆபீஸ் கணக்குக்குப் பயந்து யாரும் தொடக்கூடாது என்றிருந்த காரணம் அதோடு தீர்ந்தது. ஜே.இ.இ. மெயின் போலக் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வுக்குப் போகிறாள் என்றால், மாதிரித் தேர்வை மவுஸும் பெரிய திரையும் வைத்துத்தான் பழக வேண்டும். டேப்பில் விரலால் தொட்டுப் பழகுவது அதற்கு உதவாது.

அப்படியானால் லேப்டாப்பே போதுமே என்பீர்கள். தட்டச்சு செய்ய, தேர்வு எழுத, கணக்குப் போட லேப்டாப்தான். ஆனால் நிமிர்ந்த பக்கத்தைப் படிக்க அது சரியான கருவி இல்லை. 15.6 இன்ச் திரையின் உயரம் 19 சென்டிமீட்டர் சொச்சம். ஏ4 தாளின் உயரம் 29.7. முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமென்றால் 65 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டும். மேலே கீழே இருக்கும் பட்டைகளைக் கழித்தால் இன்னும் குறையும். 11 இன்ச் டேப்பை நிமிர்த்தி வைத்தால் அதே பக்கம் 70 சதவீதத்தில் தெரியும். 15.6 இன்ச்சைவிட 11 இன்ச்சில் பக்கம் பெரிதாகத் தெரிவது இதனால்தான். இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. நமக்கு வேண்டியது அகலம். கடைக்கு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள்.

8.7 இன்ச் டேப்பின் அகலம் 11.3 சென்டிமீட்டர். ஏ4 பக்கம் 54 சதவீதம், 12 பாயின்ட் எழுத்து ஆறரை ஆகும். பீரோவில் இருக்கும் 8 இன்ச்சில் ஆறு. கதைப் புத்தகம் படிக்க, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக்கூடிய மின்னூல் படிக்க, வயதானவர்கள் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச, இந்தச் சின்ன டேப் நல்ல சாமான். எடை 300 கிராமை ஒட்டித்தான் வரும், ஒரு கையில் நிற்கும். போன் எவ்வளவு வளர்ந்தாலும் 6.7 இன்ச் போனைப்போல இரண்டு மடங்கு பரப்பு இதில் உண்டு. ஏ4 படிக்க மட்டும் ஆகாது. ஆகவே அந்தப் பழைய டேப்பை எடுத்துத் துடைத்து மகள் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

11 இன்ச்சில், 16:10 விகிதத்தில் வரும் டேப்பின் அகலம் 14.8 சென்டிமீட்டர், சரியாக ஏ5 தாளின் அகலம். எழுத்து எட்டரை பாயின்ட்டில் தெரியும், தெளிவாகப் படிக்கலாம். படுக்கவைத்தால் அகலம் 23.7; ஏ4-ஐவிடப் பெரிதாகி, அரைப் பக்கம் அரைப் பக்கமாகத் தெரியும். கட்டங்களும் சமன்பாடுகளும் நிறைந்த பக்கத்துக்கு இப்படித்தான் வைத்துப் படிக்க வேண்டும். ஐபேடும் 11 இன்ச் என்றுதான் விற்கிறது, ஆனால் அதன் வடிவம் கொஞ்சம் சதுரம், நிமிர்த்தினால் 15.7 சென்டிமீட்டர் கிடைக்கும். 13 இன்ச் ஐபேடில் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர், தாளுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். சாம்சங்கின் 14.6 இன்ச் டேப்பை நிமிர்த்தினாலும் அதே அகலம்தான். ஆனால் 13 இன்ச் 600 கிராமை ஒட்டி வரும், 14.6 இன்ச் 700-ஐ ஒட்டி. கையில் பிடித்துப் படிக்க முடியாது, விலையும் லேப்டாப்பைத் தொடும். படம் வரைபவர்களுக்கும் இசைக் குறிப்பு பார்த்து வாசிப்பவர்களுக்கும் அவை சரி. பிளஸ் 2 மாணவிக்கு 11 இன்ச் வாங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. திரை 1920க்கு 1200 புள்ளிகளுக்குக் குறையக்கூடாது. ரேம் 4 ஜி.பி. என்றால் வீடியோவும் பி.டி.எஃப்.பும் ஒன்றாகத் திறந்ததும் திணறும். 6 அல்லது 8 பாருங்கள். சேமிப்பு 128 ஜி.பி. இருக்கட்டும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் என்று கேளுங்கள், அதைச் சொல்லாத கம்பெனி வேண்டாம். மலிவு டேப்களில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு குறை உண்டு: வைட்வைன் என்பது வீடியோவை நகலெடுக்க விடாமல் தடுக்கும் கூகுளின் பூட்டு முறை; அதில் மேல்தரமான எல்1 சான்று இல்லாவிட்டால், பூட்டுப் போட்டு வரும் வீடியோக்கள் பலவும் 480 தரத்தில்தான் ஓடும். ஆசிரியர் போர்டில் எழுதுவது கலங்கித் தெரியும், டேப்பில் கோளாறு என்று கடைக்கு நடப்பீர்கள். டி.ஆர்.எம். இன்ஃபோ என்ற ஆப்பைப் போட்டுப் பார்த்தால் எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டிவிடும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை மட்டும் உள்ள மாடல் போதும். இல்லையென்றால் சிம் போடும் மாடலே வாங்குங்கள். ஹாட்ஸ்பாட்டுக்காக மறுபடியும் அம்மா போனைக் கடன் கேட்க வைத்தால், வாங்கியதில் அர்த்தமில்லை. டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது இருப்பது அம்மா நம்பர். லிங்க்டு டிவைசஸ் வழியாக அதை டேப்பில் இணைக்கலாம். ஆனால் உங்கள் மனைவியின் மற்ற உரையாடல்களும் அப்படியே மகள் கைக்கு வந்துவிடும். அவருக்கு அதில் சம்மதமா என்று கேளுங்கள். மகளுக்கென்று தனி சிம் ஒன்று எடுத்து, அந்த நம்பரைக் குரூப்பில் சேர்க்கச் சொல்வது நேரான வழி.

பேனா இப்போது வேண்டாம். பொதுத்தேர்வு மூன்று மணி நேரம் தாளில் எழுதுவது. கை வலிக்க நோட்டில் எழுதிப் பழகட்டும், டேப் பாடம் பார்க்க மட்டும் இருக்கட்டும். பிறகு வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்று வரும் பேனாவா என்று பாருங்கள். ரப்பர் முனைப் பேனா எல்லாத் திரையிலும் ஓடும், ஆனால் உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். சாம்சங்கிலேயே ஏ9 பிளஸ்ஸில் எஸ் பென் வேலை செய்யாது, எஸ்9 எஃப்.இ.யில் பெட்டிக்குள்ளேயே வரும். பேனாவுக்குப் பதில் ஒரு ஸ்டாண்டு வாங்குங்கள். மேசையில் ஒன்றரை அடி தள்ளி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அடுத்தது, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. டேப் வீட்டுக்குப் பொதுவாக வரக்கூடாது. பொதுச் சாமான் எப்போதும் வீட்டில் குரல் உயர்ந்தவர் கைக்குத்தான் போய்ச் சேரும்; மேட்ச் நடக்கும் நாளில் அது உங்கள் கையில் இருக்கும். அவள் பெயரில் கணக்கு, அவள் வைக்கும் பாஸ்வேர்ட். கவனம் சிதறும் என்று பயமாக இருந்தால் டிஜிட்டல் வெல்பீயிங்கில் யூடியூபுக்கு எவ்வளவு நேரம் என்று அவளோடு உட்கார்ந்து சேர்ந்து வையுங்கள். மகனின் லேப்டாப்புக்கு இப்படி வைத்தீர்களா என்பதையும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

பீரோவில் கிடக்கும் டேப்பை வெளியில் எடுங்கள். முதுகு உப்பியிருக்கிறதா, திரை ஓரம் தூக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்; மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் பாதி சார்ஜ் ஏற்றி, ஓட ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். ஓடினால் கிரிக்கெட்டுக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக அப்டேட் வராத கருவி, பேங்க் விவகாரம் எதையும் அதில் திறக்க வேண்டாம்.

புது டேப் வந்த அன்றே, உங்கள் மனைவியின் போனில் சேர்ந்திருக்கும் பி.டி.எஃப்.களைப் பாட வாரியாக ஃபோல்டர் போட்டு அதற்கு மாற்றி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு போனிலிருந்து அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்புகள் தனி ஃபோல்டரில் கிடக்கும், அதையும் பாருங்கள். போனில் இடம் திரும்பக் கிடைக்கும்.