பிரவுனிக்குள் என்னவெல்லாம் போடலாம்? என் பதில்: முதலில் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: "வீட்டில் பிரவுனி செய்தால் கேக் மாதிரிதான் வருகிறது. நல்ல கனமாக, ஈரமாக, உள்ளே நட்ஸ், கேரமல், சாக்லேட் துண்டு எல்லாம் நிறைய இருக்கிற மாதிரி எப்படிச் செய்வது?"

இதே ஆசையில் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பிறந்தநாளுக்கு, 20 செ.மீ. சதுர டின்னில், கேரமல் சாஸ், மார்ஷ்மெல்லோ, நறுக்கிய ஸ்ட்ராபெரி, வால்நட் நான்கையும் ஒன்றாகக் கொட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவில் குளம். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று ஓவனில் வைத்துக்கொண்டே போனதில் ஓரம் கருங்கல்லானது, நடுப்பகுதி சேறாகவே இருந்தது. கரண்டியால் வழித்து ஐஸ்கிரீம் மேல் போட்டு, "இது புது வகை" என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை, ஆனால் கிண்ணம் காலி.

அன்று தப்பு செய்தது ஓவன் இல்லை, தண்ணீர். ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். கேரமல் சாஸிலும் கிரீம் வழியாகத் தண்ணீர் உண்டு. பிரவுனி மாவில் மைதா மிகக் குறைவு. வருகிற தண்ணீரையெல்லாம் பிடித்து வைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் இப்போதெல்லாம் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் "இதில் ஈரம் எவ்வளவு?" என்பதுதான் என் முதல் கேள்வி. ருசி பற்றிய யோசனை அதற்கப்புறம்.

உங்கள் பிரவுனி கேக்காக மாறுவதற்குக் காரணமும் பெரும்பாலும் அந்த மைதாதான். ஒன்று மைதா அதிகம், அல்லது பேக்கிங் பவுடர் போடுகிறீர்கள், அல்லது ஐந்து நிமிடம் கூடுதலாக வேகவிடுகிறீர்கள். என் அளவு இது: 60–70 சதவீத டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், இரண்டு முழு முட்டையும் கூடுதலாக ஒரு மஞ்சள் கருவும், மைதா 60 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், அரை டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். கப் கணக்கில் மைதா அளக்காதீர்கள். அமுக்கி நிரப்பினால் ஒரு விதம், தூவி நிரப்பினால் ஒரு விதம் என்று எடை மாறும். 60 கிராம் போட வேண்டிய இடத்தில் 20 கிராம் கூடினாலே கேக் பக்கம் சாய்ந்துவிடும்.

சாக்லேட்டையும் வெண்ணெயையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். வெண்ணெய் இல்லாமல் சாக்லேட்டை மட்டும் உருக்குகிறவர்கள் ஒரு சொட்டு தண்ணீர்கூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் சட்டென்று இறுகி மணல் மணலாகிவிடும். உருகியதை இறக்கி வைத்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை வெந்து திரியும்.

அந்த நேரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் அடியுங்கள். இங்கே அவசரம் வேண்டாம். பிரவுனியின் மேலே காகிதம் போல் பளபளவென்று வெடித்து நிற்கும் மெல்லிய ஏடு இந்த இடத்தில்தான் உருவாகிறது. முட்டையில் சர்க்கரை நன்றாகக் கரைந்தால் அந்தக் கலவை மேற்பரப்புக்கு வந்து காய்ந்து ஏடாகும். கரையாவிட்டால் மேல்பக்கம் மங்கலாக இருக்கும். எலக்ட்ரிக் பீட்டர் என்றால் நான்கைந்து நிமிடம். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், நரநரவென்று இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். பிறகு சாக்லேட்டை ஊற்றிக் கலந்து, மைதா, கோகோ, உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, வெள்ளை மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூளை உருகிய சாக்லேட்டில் சேர்ப்பது என் வழக்கம். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட்தான் இன்னும் அழுத்தமாக ருசிக்கும்.

இனி உள்ளே போடுகிற சமாச்சாரம். நான் சொன்ன 20 செ.மீ. டின்னுக்கு மொத்தமாகவே 120–150 கிராம் போதும். அதற்கு மேல் போனால் வெட்டும்போது துண்டு நிற்காமல் உதிரும்.

வால்நட்டைப் பச்சையாகப் போடாதீர்கள். மாவுக்குள் இருக்கும் நட்ஸ் வறுபடாது, வேகத்தான் செய்யும். நமத்துப்போன மாதிரி கடிபடும். 175 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் போட்டுத் தேய்த்தால் கசப்புத் தோலும் பாதி கழன்றுவிடும். பிரவுனிக்கும் வால்நட்டுக்கும் பழைய உறவு. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பெர்த்தா பாமர் என்ற சீமாட்டி கேட்டுக்கொண்டதன் பேரில் பாமர் ஹவுஸ் ஹோட்டல் சமையலறையில் பெட்டியில் வைத்துக் கொடுக்கத்தக்க இனிப்பு ஒன்று செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த ஹோட்டல் இன்றும் அதைச் செய்கிறது. மேலே வால்நட்டும் ஆப்ரிகாட் பூச்சும் இருக்கும்.

சாக்லேட் துண்டுக்கு சிப்ஸ் வாங்காதீர்கள் என்பேன். சிப்ஸ் சூட்டில் வடிவம் கலையாமல் நிற்பதற்காகச் செய்யப்படுவது, கோகோ வெண்ணெய் குறைவு. பார் சாக்லேட்டைக் கத்தியால் தாறுமாறாக நறுக்குங்கள். தூளாக விழுந்தது மாவோடு கரையும், பெரிய துண்டு அங்கங்கே குட்டையாகத் தேங்கும். ஒழுங்கில்லாமல் நறுக்குவதுதான் இங்கே ஒழுங்கு.

கேரமலை விட மனமில்லையா? சாஸை விட்டுவிட்டு, 118 டிகிரி வரை காய்ச்சிய கேரமலை எடுங்கள். ஆறினால் மென்மையான மிட்டாயாக நிற்கும். சிறு துண்டாக வெட்டி, பாதி மாவின் மேல் பரப்பி, மீதி மாவால் மூடுங்கள். டின்னின் ஓரத்தில் படக் கூடாது, பட்டால் ஒட்டிக் கருகும். நியூட்டெல்லாவுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்: பட்டர் பேப்பர் மேல் டின்னைவிடச் சற்றுச் சிறிய சதுரமாகத் தடவி, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பலகை மாதிரி உரித்து நடுவில் வையுங்கள். பீனட் பட்டருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதில் தண்ணீரே கிடையாது என்று சொல்லலாம்; லேசாகச் சூடாக்கி மேலே ஊற்றிக் கத்தி முனையால் நாலு கோடு இழுத்தால் போதும். ஐந்தாவது கோடு இழுத்தீர்களோ, எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

கிரீம் சீஸில் பாதி தண்ணீர். போட்டால் ஐந்து முதல் எட்டு நிமிடம் கூடுதலாக வேகும், அதற்குத் தயாராக இருங்கள். பழம் வேண்டுமென்றால் உலர்ந்த செர்ரியைச் சூடான காபியில் ஊறவைத்து, பிழிந்து, துடைத்துப் போடுங்கள். மார்ஷ்மெல்லோவை உள்ளே போட்டால் உருகிக் காணாமல் போய் ஓட்டை மட்டும் மிஞ்சும். கடைசி மூன்று நிமிடத்தில் மேலே வையுங்கள். ஓரியோவை உடைத்து மேலே அழுத்தினால் சரி. எது போட்டாலும் ஓவனில் வைக்குமுன் மேலே கல்லுப்பு நாலு சிட்டிகை. இத்தனை இனிப்புக்கு அது இல்லாவிட்டால் மூன்றாவது வாயிலேயே திகட்டும்.

ஓவன் 175 டிகிரி, 24 முதல் 28 நிமிடம். உங்கள் ஓவன் சொல்லும் சூடும் உண்மைச் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள், 22ஆவது நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள். டூத்பிக் சுத்தமாக வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். ஈரத் துகள் ஒட்டியிருக்க வேண்டும், மாவாக வழியக் கூடாது. உள்ளே உருகிய சாக்லேட் துண்டில் குத்திவிட்டு "வேகவே இல்லை" என்று ஏமாறுவதும் உண்டு. மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இறுகியிருந்து, டின்னை ஆட்டினால் நடு மட்டும் லேசாக அசைந்தால் எடுத்துவிடலாம். டின்னின் சூட்டில் மிச்சம் வெந்துகொள்ளும்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுப்பதில்லை என்பார்களே, பிரவுனிக்கென்றே சொன்னது போல. கோகோ வெண்ணெய் உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். அதற்குக் கீழே இறங்கி, மறுபடி இறுகினால்தான் நீங்கள் கேட்ட அந்தக் கனம் வரும். சூட்டில் வெட்டிப் பார்த்து, "வேகவில்லை" என்று திரும்ப ஓவனில் தள்ளியே பாதிப் பேர் அதைக் கேக்காக்குகிறார்கள். வெளியே இரண்டு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். பிறகு, மாவு ஊற்றுமுன் டின்னில் விரித்திருந்த பட்டர் பேப்பரோடு தூக்கி, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்து வெட்டுங்கள். கேரமல் போட்டிருந்தால் இது இல்லாமல் ஆகாது.

முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் வறுத்த வால்நட் 70 கிராம், பார் சாக்லேட் 60 கிராம், இந்த இரண்டோடு நிறுத்துங்கள். உங்கள் ஓவனுக்கு 24 நிமிடமா 28 நிமிடமா என்று பிடிபடட்டும், டின்னின் அடியில் பென்சிலால் எழுதிக்கூட வையுங்கள். கேரமல் அடுத்த வாரம்.