சிறிய எஸ்எம்டி பாகங்களை (சர்க்யூட் பலகையின் மேற்பரப்பிலேயே பொருத்தும் மின்னணு பாகங்கள்) பற்றவைக்க எந்த ஈயம் (சால்டர்), எந்த ஃப்ளக்ஸ் வாங்கலாம்?

கையால் பற்றவைக்கிறீர்கள் என்றால் 63/37 ஈயக்கம்பியையே வாங்குங்கள்: 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். 60/40 அப்படியல்ல, இறுகும்முன் சற்று நேரம் கூழாக நிற்கும், அப்போது பாகம் அசைந்தால் இணைப்பு கெட்டுவிடும். காரீயமில்லாத எஸ்ஏசி305 கம்பி 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். தடிமன் 0.5 மி.மீ. போதும்.

ஃப்ளக்ஸில்தான், அதாவது உலோகப் பரப்பைச் சுத்தமாக்கி ஈயம் ஒட்ட உதவும் பொருளில்தான், பலர் தவறுகிறார்கள். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸைத் தொடவே வேண்டாம், மாதங்கள் கழித்தும் செம்பை அரிக்கும். கம்பிக்குள் ரோசின் (மரப்பிசின் ஃப்ளக்ஸ்) இருந்தாலும், நெருக்கமான ஐசி (சில்லு) கால்களுக்குத் தனியாக ஜெல் ஃப்ளக்ஸ் தடவுங்கள். கால்களுக்கிடையே ஈயம் பாலம் போடுவது வெகுவாகக் குறையும். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காரீயம் நஞ்சு.