அறுபத்துநான்கு கட்டத்து நெல்

வணக்கம் அண்ணா,

காலபோக வெட்டு முடிந்து நெல்லை வீதியோரம் காயப்போட்டிருந்தோம். காவலுக்கு இருந்த மகளுக்கு (ஒன்பதாம் தரம்) செஸ் பலகைக் கதையைச் சொன்னேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டம். மொத்தம், இரண்டின் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். போனில் போட்டால் 18446744073709552000 என்று வருகிறது. ஒற்றை எண்தானே வரவேண்டும், எங்கிருந்து மூன்று சைபர் என்கிறாள். இது எதனால் எல்லாம் மீதியின்றி வகுபடும் என்றும் கேட்கிறாள். நான் முழிக்கிறேன்.

ஒரு வாசகர், விசுவமடு

வணக்கம்.

மகள் சொல்வதுதான் சரி. போனில் உள்ள கல்குலேற்றர் பதினாறு, பதினேழு இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. மிச்சத்தைச் சைபரால் நிரப்பிவிடும். உண்மையான எண் 18446744073709551615. கடைசி இலக்கத்துக்குப் போனே தேவையில்லை. இரண்டின் வலுக்கள் 2, 4, 8, 6 என்று முடிந்து திரும்பத் திரும்பச் சுற்றும். 64 நாலால் வகுபடுவதால் 6. ஒன்றைக் கழித்தால் 5.

ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால் (சம்பா இன்னும் குறையும்) இது சுமார் 46,000 கோடி தொன். உலகத்தின் இன்றைய விளைச்சலை ஏறக்குறைய அறுநூறு வருடம் சேர்க்கவேண்டும். சரி, இதை எல்லாரும் சொல்வார்கள். மகளின் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

இரு வர்க்கங்களின் வித்தியாசம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள். இந்த எண்ணை அப்படி உடைத்தால் இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்று கூட்டியது ஒரு காரணி, ஒன்று கழித்தது மற்றது. கழித்ததைத் திரும்பவும் உடைக்கலாம். கடைசியில் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297. முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பேர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் நம்பினார். 1732இல் ஒய்லர் என்ற சுவிஸ் கணிதர் அதை 641ஆல் வகுத்துக் காட்டினார்: 641 × 6700417.

வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவலாம், தாளும் பென்சிலும் போதும். 641 என்பது 625 + 16. அதை இரண்டின் 28ஆம் வலுவால் பெருக்குங்கள். 16 இருந்த பக்கம் இரண்டின் 32ஆம் வலு ஆகிவிடும். 625 இருந்த பக்கம் 640இன் நாலாம் வலு ஆகும், ஏனென்றால் 640 = 5 × 128. இந்த இரண்டின் கூட்டுத்தொகை 641ஆல் வகுபடும். 640 என்பது 641க்கு ஒன்று குறைவு; அதன் நாலாம் வலுவை 641ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நாலாம் வலுவின் இடத்தில் வெறும் 1ஐ வைத்தாலும் வகுபடும் அல்லவா? அதுதான் 4294967297. முதல்முறை இதைப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அப்புறம், மகளிடம் ஒன்று கேளுங்கள். 63ஆம் கட்டத்தோடு நிறுத்தினால் 9223372036854775807. அது 7ஆல் வகுபடும், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஏன் என்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.