எஃப்.பி.சி ரிப்போர்ட்டைப் பார்த்து சிடி4 எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

அண்ணாவுக்கு எச்.ஐ.வி என்று உறுதியாகியிருக்கிறது, சிடி4 (எச்.ஐ.வி தாக்கி அழிக்கும் எதிர்ப்புச் சக்தி அணு) முடிவு இன்னும் வரவில்லை, கையில் இருக்கும் எஃப்.பி.சி (முழு ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டை வைத்து அவரது எதிர்ப்புச் சக்தியைக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் ஒரு லாப்பில் வேலை செய்கிறேன், டொக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கணக்கு ஒன்று இருக்கிறது. டெங்கு காலத்தில் கிண்ணியா, மூதூர் பக்கமிருந்தெல்லாம் வருபவர்கள் எஃப்.பி.சி தாளில் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதே தாளில் மொத்த வெள்ளணு எத்தனை, அதில் லிம்போசைட் என்ற வெள்ளணு வகை எத்தனை வீதம் என்றும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் மொத்த லிம்போசைட் எண்ணிக்கை. வெள்ளணு 4,800, லிம்போசைட் 24% என்றால் 1,152. வீதத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்: 18% என்று போட்டு பக்கத்தில் குறைவு என்று குறி வைத்திருப்பார்கள், ஆனால் வெள்ளணு 11,000 ஆக இருந்தால் எண்ணிக்கை 1,980, அது சாதாரண அளவுதான்.

சிடி4 மிஷின் இல்லாத நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2002இல் இதே கணக்கைச் சொன்னது. நோய்க் குறிகள் இருந்து, மொத்த லிம்போசைட்டும் 1,200க்குக் கீழே போனால், சிடி4 200க்குக் கீழே இருப்பதற்குச் சமமாக எடுத்துக்கொண்டு மருந்து தொடங்கலாம். குறிகள் இல்லாதவர்களுக்கு இதைப் பொருத்த வேண்டாம் என்றும் சொன்னது, பலர் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

ஏன் விடக்கூடாது என்றால், லிம்போசைட் என்பது ஒரே வகை அணு இல்லை. சிடி4, சிடி8, பி செல் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கும். எச்.ஐ.வியில் சிடி4 குறையும்போது சிடி8 கூடுவதுண்டு, அதனால் மொத்தம் 2,000 என்று நன்றாக நிற்கும், உள்ளே சிடி4 150ஆக இருக்கும். மறுபக்கம், வீசிங்குக்கு பிரெட்னிசலோன் போட்டாலே லிம்போசைட் இறங்கிவிடும், டெங்கு வந்தால் வெள்ளணுவே மொத்தமாக விழும். அப்புறம் எண்ணுவதிலேயே உள்ள தடுமாற்றம்: கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளணுக்களை எண்ணுகிறோம், அதில் 24 லிம்போசைட் என்றால் அதே ஸ்லைட்டில் அடுத்த நூறில் 18 வரலாம், 30ம் வரலாம், யாருடைய பிழையும் இல்லை. அப்படியென்றால் மேலே சொன்ன 1,152, 864ஆகவும் இருக்கலாம், 1,440ஆகவும் இருக்கலாம். 1,200 என்ற கோடு நடுவில் கிடக்கிறது!

ஆகவே என் அபிப்பிராயம், எண் குறைவாக வந்து அண்ணாவுக்கு மெலிவு, வாயில் வெண்படலம், விடாத இருமல் என்று ஏதாவது இருந்தால் சிடி4 வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே காட்டுங்கள். நன்றாக வந்தால் அதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள், அது ஒன்றையும் சொல்லவில்லை.

மருந்து தொடங்க இந்தக் கணக்கு இப்போது தேவையும் இல்லை. 2015இலிருந்து சிடி4 எவ்வளவாக இருந்தாலும் மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். சிடி4 பார்ப்பது வேறு காரணத்துக்கு: 200க்குக் கீழே என்றால் நிமோனியா வராமல் கோட்ரிமொக்சசோல் கொடுப்பார்கள், காசநோய் மாதிரி மற்றத் தொற்றுகளையும் தேடுவார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவுதான் காட்டும், எஃப்.பி.சியில் அது தெரியாது.

திருகோணமலை ஆஸ்பத்திரி எஸ்.டி.டி (பாலியல் நோய்) கிளினிக்கில் எல்லாம் இலவசம், விஷயமும் வெளியே போகாது. போகும்போது அந்த எஃப்.பி.சி தாளையும் கொண்டு போங்கள், சிடோவுடின் உள்ள எச்.ஐ.வி மருந்து கொடுக்க யோசித்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கட்டாயம் பார்ப்பார்கள், அந்த மருந்து ரத்தச்சோகையை உண்டாக்கக்கூடியது.