ஐஆர்எஸ் சம்மனுக்குப் போகவில்லை, இப்போது கோர்ட் உத்தரவு வந்திருக்கிறது

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் சென்னை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி) கணக்கின் ஸ்டேட்மென்ட்களோடு வரச் சொல்லி அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் சம்மன் கொடுத்தது. பயத்தில் போகவில்லை. இப்போது பெடரல் நீதிமன்றம், ஏன் கட்டுப்படவில்லை என்று காரணம் கேட்டு உத்தரவு அனுப்பியிருக்கிறது. கைது செய்வார்களா?

பதில்: இந்தக் காகிதத்துக்காக யாரும் உங்களைக் கைது செய்ய வரமாட்டார்கள். ஆனால் இதையும் மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

ஐஆர்எஸ் சம்மன் கொடுக்கலாம். வற்புறுத்தி நிறைவேற்ற அதற்கு அதிகாரம் இல்லை, பெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதிபதி பார்ப்பது 1964இல் பவல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நான்கு விஷயங்களை: விசாரணையின் நோக்கம் நியாயமானதா, கேட்கும் ஆவணம் அதற்குத் தேவைப்படுமா, ஏற்கெனவே ஐஆர்எஸ் கையில் இருக்கிறதா, நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றினார்களா. அதிகாரியின் பிரமாண வாக்குமூலம் ஒன்றே பெரும்பாலும் இதற்குப் போதும். அப்புறம் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். “வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள்” என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எடுபடாது. கெட்ட நோக்கம் இருக்கலாம் என்று நம்பும்படி குறிப்பான சம்பவங்களைக் காட்டினால்தான் அதிகாரியைக் கேள்வி கேட்க முடியும் என்கிறது அதே நீதிமன்றத்தின் 2014 கிளார்க் தீர்ப்பு. ‘நான் வரி பாக்கியே வைக்கவில்லை’ என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. பாவம், பலர் தங்கள் நேரத்தையெல்லாம் அதில்தான் கரைக்கிறார்கள்.

முதலில் அந்தச் சம்மனை, அதாவது 2039 படிவத்தை, எடுத்துப் பாருங்கள். வரி செலுத்துபவரான உங்களுக்கு அதை நேரில் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் விட்டுப் போயிருக்க வேண்டும். வெறும் தபாலில் வந்திருந்தால் வக்கீலிடம் கட்டாயம் சொல்லுங்கள். எந்தெந்த ஆண்டுகளைக் கேட்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன்’ என்ற, அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்த உரிமை உண்டுதான். ஆனால் அதை மொத்தமாகப் போர்த்திக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குப் பதிவேடுகள் சட்டப்படி நீங்கள் வைத்திருக்க வேண்டியவை, அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று நியூ ஜெர்சியையும் உள்ளடக்கிய மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் விஷயத்தில் இதுதான் கனமான செய்தி.

நீதிபதி ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிட்ட பிறகும் கொடுக்காவிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு. தினசரி அபராதம் போடலாம், கட்டுப்படும்வரை சிறையிலும் வைக்கலாம். உங்கள் பயம் அங்கேதான் நிஜமாகும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த வாரமே வரி வக்கீலைப் பாருங்கள். ஆடிட்டரிடம் மனம் திறக்க வேண்டாம். கிரிமினல் வழக்கு என்று வந்தால் அவரிடம் பேசியதற்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது. வக்கீல் சம்மதித்தால், விசாரணைத் தேதிக்கு முன்பே ஆவணங்களைக் கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்க்கலாம். பழைய ஸ்டேட்மென்ட்கள் கையில் இல்லையென்றால் “என்னிடம் இல்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். கேட்டுப் பெறக்கூடியதும் உங்கள் வசம் இருப்பதாகவே கருதப்படும். இன்றே சென்னைக் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் தாமதமானாலும், தேதியோடு இருக்கும் அந்த மின்னஞ்சலை நீதிபதியிடம் காட்டலாம்.