பிளஸ் 1-லேயே விஸ்காம் சீட்டுக்கு முன்பணமா?

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தையல் தொழில் செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படிக்கிறாள், பயோ மேத்ஸ் குரூப். செய்தி சேனலில் வேலை பார்க்க வேண்டும், அதற்கு மீடியாதான் படிப்பேன் என்கிறாள். எங்கள் ஊருக்கு வரும் கல்வி ஆலோசகர் ஒருவர், சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சீட் இருக்கிறது, இப்போதே 25,000 ரூபாய் கட்டி பிளாக் பண்ணினால்தான் உண்டு, அடுத்த வருடம் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்கிறார். மீடியாவுக்கு சயின்ஸ் எதற்கு, ஆர்ட்ஸ் குரூப்புக்கு மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கேமரா வேறு வேண்டும் என்கிறாள். என்ன செய்வது ஐயா?

பதில்: முதலில் அந்த 25,000 ரூபாய். கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

பிளஸ் 2 மதிப்பெண்ணே வராத பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் சேர்க்கை தர முடியாது. ஆகவே அவர் ‘பிளாக்’ பண்ணுவது சீட்டை இல்லை, உங்களைத்தான். சென்னையில் பெயர் பெற்ற நாலைந்து கல்லூரிகளில் விஸ்காமுக்குப் போட்டி உண்டு. அங்கே இவரால் ஒன்றும் ஆகாது. மற்ற இடங்களில் ஜூலை மாதம் வரைக்கும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கல்லூரிகள்தான் இப்படிப்பட்டவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. அதாவது உங்கள் மகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அவருக்குக் கல்லூரி பணம் தருகிறது, நீங்களும் தருகிறீர்கள். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. நன்கொடை வாங்குகிறவர்களும் 1992-லிருந்து அப்படியே இருக்கிறார்கள்.

“வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவோம், யுஜிசி ரூல்” என்று அவர் சொல்லக்கூடும். ரூல் உண்மைதான். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, போட்ட உத்தரவுப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அப்புறம் 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே போகும். கடைசித் தேதி முடிந்து 30 நாளுக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடையாது. ஆனால் இது கல்லூரி ரசீது போட்டு வாங்கிய கட்டணத்துக்கு மட்டும். புரோக்கர் கையில் கொடுத்த பணத்துக்கு யுஜிசியும் கிடையாது, கல்லூரியும் கிடையாது. அவருடைய போன் எடுக்கிற வரைக்கும்தான் எல்லாம்.

இன்னொன்று, அசல் சான்றிதழ். “டிசியையும் மார்க் ஷீட்டையும் கொடுங்கள், நானே கல்லூரியில் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று வாங்குவார்கள். அதற்குப் பிறகு பிள்ளை வேறு எங்கும் போக முடியாது. அதே 2018 உத்தரவுப்படி கல்லூரியே அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. கல்லூரிக்கே இல்லாத உரிமை புரோக்கருக்கு எங்கிருந்து வந்தது? மீறுகிற கல்லூரி மீது யுஜிசியின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார் கொடுக்கலாம். பதில் வருவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்தாலும் முடிந்துவிடும். அதனால்தான் கொடுக்கிற இடத்திலேயே கையை இழுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, இனி உங்கள் மகள் விஷயம். அவள் கேட்பது செய்தி சேனல் வேலை. ஆலோசகர் விற்பது விஸ்காம். இரண்டும் ஒன்று என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது.

விஸ்காம் என்கிற பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷனில் ஓவியம், கிராஃபிக்ஸ், புகைப்படம், விளம்பரம், திரைக்கதை, எடிட்டிங், அனிமேஷன் எல்லாம் வரும். இதழியல் ஒன்றிரண்டு பேப்பரோடு முடிந்துவிடும். கேமரா, எடிட்டிங், டிசைன், விளம்பரம் என்று போகிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. செய்தியாளர் ஆக நினைக்கிற பிள்ளைக்கு அது கட்டாயமே இல்லை.

நான் செய்தி டெஸ்க்கில் ஆள் எடுத்த காலத்தில் வைத்த தேர்வு இதுதான்: செய்தி ஏஜென்சி ஆங்கிலத்தில் அனுப்பிய ஒரு செய்தியைக் கொடுத்து, அரை மணி நேரத்துக்குள் தமிழில் செய்தியாக எழுதித் தலைப்புப் போடச் சொல்வோம். கணினியில் தமிழ் டைப் தெரிய வேண்டும். பிறகு, சட்டமன்றத்துக்கும் சட்ட மேலவைக்கும் என்ன வித்தியாசம், எஃப்ஐஆர் என்றால் என்ன, பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை என்றால் என்ன என்று நாலு கேள்வி. விஸ்காம் முடித்துவிட்டு தாங்கள் எடுத்த காட்சிகளைத் தொகுத்த அருமையான ஷோரீலோடு வந்த பிள்ளைகள் அந்த முதல் தாளிலேயே தடுக்கி விழுவார்கள். பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ ஆங்கில இலக்கியமோ படித்துவிட்டு வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அதனால் செய்திதான் ஆசை என்றால், ஒரு நல்ல கல்லூரியில் மூன்று வருடம் ஏதாவது ஒரு கனமான பாடம், அதற்குப் பிறகு ஒரு வருட இதழியல் படிப்பு அல்லது இரண்டு வருட எம்.ஏ. என்று போகலாம். சென்னை தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நடத்துவது அப்படிப்பட்ட முதுநிலை டிப்ளமாதான். பிளஸ் 2 முடித்ததும் அங்கே போக முடியாது, எந்தப் பட்டம் இருந்தாலும் போகலாம், கட்டணம் மட்டும் கடுமை. தமிழக அரசும் 2025-ல் சென்னையில் ஓர் இதழியல் நிறுவனம் தொடங்கியிருக்கிறது; அதுவும் பட்டம் முடித்தவர்களுக்குத்தான். மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதழியல், தொடர்பியல் துறைகள் இருக்கின்றன. மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐஐஎம்சி 1965-லிருந்து நடக்கிறது. அதில் ஒடியா, மராத்தி, மலையாள இதழியல் படிப்புகளெல்லாம் உண்டு, தமிழுக்கு இல்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது!

குரூப் விஷயம். மாற்றவே மாற்றாதீர்கள். விஸ்காமுக்கும் இதழியலுக்கும் பொதுவாக எந்த குரூப்பும் சரிதான். ஆர்ட்ஸ் குரூப்புக்குப் போவதால் கூடுதலாக ஒரு கதவும் திறக்காது. சயின்ஸை விட்டால் ஒரு கதவு மூடும். அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் புரோக்கரும் அதைச் சொல்ல மாட்டார், அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

தரமணியிலேயே தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் 2 முடித்ததும் சேரக்கூடிய நான்கு வருட இளநிலைப் பட்டப் படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (படத்தின் நிறத்தைச் சீர்செய்வது), எடிட்டிங், இயக்கம்-திரைக்கதை, அனிமேஷன் என்று தனித்தனிப் பிரிவுகள். அரசு நிறுவனம் என்பதால், தனியார் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராத கட்டணம். புனேயில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்வி நிறுவனமான எஃப்டிஐஐ போன்ற இடங்களில் முக்கியப் படிப்புகளுக்கு முதலில் ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். இங்கே அது வேண்டாம். ஆனால் பிரிவுக்குப் பத்துப் பதினைந்து இடம் தேறினால் அதிகம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அதாவது உங்கள் மகள் இப்போது படிக்கிற குரூப்பேதான். நாளைக்கே அவள் செய்தியை விட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் நிற்கப் போகிறேன் என்று மனம் மாறலாம், பதினாறு வயதுதானே. அப்போது இந்த வழி திறந்திருக்கட்டும். இந்த நிறுவனம் வருவது உயர் கல்வித் துறையின் கீழ் இல்லை, செய்தித் துறையின் கீழ். அதனால் கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு இது வராது. தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம், தனித் தேர்வு. ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரு விண்ணப்பத்தை ஒரே இடத்தில் வைக்க முடியாதா என்று கேட்காதீர்கள். பிளஸ் 2 தேர்வு முடிந்ததிலிருந்து அந்த நிறுவனத்தின் இணையதளத்தை வாரம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றே. கடந்த ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் வாங்கினார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். 50 ரூபாயில் முடிகிற காரியத்துக்கு 25,000 கேட்கிறார் பாருங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. “அது எய்டட் காலேஜ்தானே, ஃபீஸ் கம்மி” என்று போவார்கள். கல்லூரி எய்டட்தான். ஆனால் விஸ்காம், ஜர்னலிசம் போன்ற பிற்பாடு வந்த படிப்புகள் பெரும்பாலும் அங்கே சுயநிதிப் பிரிவில், ‘செகண்ட் ஷிஃப்ட்’ என்ற பெயரில் நடக்கும். ஒரே வாசல், ஒரே பேட்ஜ், கட்டணம் மட்டும் பல மடங்கு. எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று படிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள்; லேப், ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ எல்லாம் சேர்த்து.

சென்னைதான் வேண்டும் என்பதும் இல்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் விஸ்காம் இருக்கிறது. விருதுநகர்ப் பிள்ளைக்கு இரண்டும் சென்னையைவிடப் பக்கம். மதுரைக்குத் தினமும் போய் வர முடிந்தால் ஹாஸ்டல் செலவும் மிச்சம்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ பிரசுரத்தைப் படிக்காதீர்கள். நேராக எடிட்டிங் லேபுக்குப் போய், மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேமராவைக் கையில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘ஸ்டூடியோ’ என்று பலகை வைத்துப் பூட்டி வைத்திருக்கும் அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் கமிட்டி வருகிற அன்றைக்குத்தான் ஏசி ஓடும்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, வடபழனி, சாலிகிராமம் பக்கம் மாடியில் நடக்கும் ‘டிவி ஆங்கரிங் டிப்ளமா’ வகையறா. ஆறு மாதம், ஒரு லட்சம், முடித்ததும் சேனலில் வேலை என்பார்கள். டிகிரி கேட்டால், வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டம், வகுப்பு மட்டும் இங்கே என்பார்கள். அப்படி ஏஜென்சிக்கு விட்டுப் பட்டம் நடத்துவதை யுஜிசி அனுமதிப்பதில்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவர்களே வெளியிடுகிறார்கள், பாருங்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தவுடன் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இந்த மாடி டிப்ளமாவுக்கு அது வராது.

இரண்டாவது, பிரஸ் கார்டு. இதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம். யாரும் படிக்காத மாத இதழ் ஒன்றின் பெயரில், ‘மாவட்ட நிருபர்’, ‘மாணவ நிருபர்’ என்று அடையாள அட்டை போட்டு, ஐயாயிரம் பத்தாயிரம் என்று வாங்குகிறார்கள். “மத்திய அரசில் பதிவு பெற்ற பத்திரிகை” என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். பதிவு என்பது அந்தப் பெயரில் பத்திரிகை நடத்தலாம் என்பதற்கான எண். அட்டை வைத்திருப்பவரை எந்த அரசும் நிருபராக ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. அரசு அங்கீகார அட்டை செய்தி மக்கள் தொடர்புத் துறை தருவது, அதற்கு வேறு விதிகள். இந்த அட்டையை வாங்கியவர் போட்ட காசை எடுக்க கிராம நிர்வாக அலுவலரிடமும் மணல் லாரிக்காரரிடமும் போய் நிற்பார், ஒருநாள் வழக்கில் மாட்டுவார். பத்திரிகை நிருபருக்குச் சம்பளம் தர வேண்டும், குறைவாகவாவது தர வேண்டும். நிருபரிடம் பணம் வாங்கினால் அது பத்திரிகையே இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்துக்கு உங்கள் மகள் விண்ணப்பிக்கலாம். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. எழுதிக் காட்டித் தேர்வானால்தான் இடம்.

சம்பளத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் இருக்காது. மாவட்டங்களில் பல நிருபர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது, வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால்தான் கைவசம் ஒரு முழுமையான பட்டம் இருக்கட்டும் என்கிறேன். போட்டித் தேர்வு, ஆசிரியர் வேலை, வங்கி என்று நாளைக்கு ஏதாவது ஒன்றுக்கு அது நிற்கும்.

கேமரா இப்போது வேண்டாம். வீட்டில் இருக்கிற போன் போதும். சட்டையில் மாட்டுகிற மைக் ஒன்றும் சின்ன ஸ்டாண்டும் வாங்கிக் கொடுங்கள். கணினி கையில் வரும்போது எடிட் பண்ண ‘டாவின்சி ரிசால்வ்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அரையாண்டு விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டாசுத் தொழிலாளர்களையோ தண்ணீர்ப் பிரச்சினையையோ மூன்று நிமிடம் எடுத்து, அதையே முன்னூறு வார்த்தையில் எழுதிப் பார்க்கட்டும். தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதட்டும். தமிழ்99 விசைப்பலகையில் டைப் பழகட்டும், ஒரு மாதத்தில் வந்துவிடும். பிளஸ் 2 முடிகிற வரை இதையெல்லாம் சலிக்காமல் செய்தாள் என்றால், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மதிப்பெண்ணோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆலோசகர் நடுவில் வந்தால், கல்லூரியின் பெயரில் ரசீது கேளுங்கள், அவரே போய்விடுவார்.