'வேன் அனுப்பட்டுமா' என்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஐந்து மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. ராத்திரி தூங்காமல் தனக்குத்தானே பேசிச் சிரிக்கிறான். பக்கத்து வீட்டார் வேவு பார்க்கிறார்களாம். செல்போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். டாக்டரிடம் கூப்பிட்டால், "நான் என்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். ஒரு 'ஹோம்' இருக்கிறது, வேனில் வந்து கூட்டிப் போவார்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். அனுப்பலாமா?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இது, இல்லாத குரல் காதில் கேட்டு, வீண் சந்தேகம் வரும் மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆண்களுக்கு இது பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில்தான் தலைகாட்டும். செய்வினையும் இல்லை, உங்கள் வளர்ப்பும் காரணமில்லை. அவன் காதில் விழும் குரல் அவனுக்கு நிஜம். வாதாடி ஜெயிக்க முடியாது. "சரியாகத் தூங்கியே எத்தனை நாளாச்சு, தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போமா" என்று ஆரம்பியுங்கள். வரவில்லையா, முதல் தடவை நீங்கள் மட்டும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் விவரம் சொல்லுங்கள். சோற்றில் மாத்திரை கலந்து கொடுக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

வேனுக்கு வருவோம். என்னிடம் வந்த ஒரு பையனின் கணுக்காலில் சங்கிலித் தழும்பு. இருந்த ஹோமின் பெயர்கூட அவன் அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் இடைத்தரகர் ஏற்பாடு. ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த இப்படியொரு ஹோமில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் 28 பேர் செத்தார்கள், சங்கிலியை மீறி ஓட முடியாமல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. சம்மதமில்லாமல் சேர்ப்பதென்றால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வேனில் வரும் தடியர்களுக்கு இதில் இடமே கிடையாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், ஆள் நழுவுகிறாரா இல்லையா பாருங்கள்.

சட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. விடியற்காலை பஸ் பிடித்து வந்தவருக்கு ஓ.பி.யில் ஐந்து நிமிஷம்கூட ஒதுக்க முடியாத வரைக்கும் தரகர் காட்டில்தான் மழை. எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று!

ஒரு விஷயத்தில் மட்டும் மேலே சொன்னதெல்லாம் செல்லாது. மாதக்கணக்கில் இல்லாமல் இரண்டே நாளில் ஆள் மாறி, காய்ச்சல், வலிப்பு, பகலா இரவா என்று தெரியாத குழப்பம் இருந்தால், மனநலப் பிரிவைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். உடம்பு கொதிக்கிற பிள்ளைக்கு வேப்பிலை அடித்துவிட்டு, நினைவு தப்பிய பிறகு தூக்கி வருகிறார்கள். உங்கள் மகனுக்கு இப்போது இது பொருந்தாது. ஆனால் மாத்திரை தொடங்கிய பின் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்தால் அவனையும் அதே வாசலுக்குத்தான் கொண்டு போக வேண்டும். "செத்துப் போ" என்று குரல் சொல்வதாக அவன் சொன்னாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். தெளிந்துவிட்டான் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஒன்றிரண்டு வருடமாவது ஓட வேண்டும்.

இன்றைக்கே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; காசில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது, தூக்கம் எப்போது கெட்டது, கஞ்சா உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் வாயால் சொல்லி முடியாது.